டோட்டல் லாஸ்: லிஃப்டில் சொன்ன ஒரு ‘சரி சார்’

வேளச்சேரி வாசி

மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர் 4. மழை எல்லாருக்கும் தெரிந்த கதை, விடுகிறேன். பேஸ்மென்ட்டில் நின்ற வண்டிக்கு டேஷ்போர்டு வரை தண்ணீர். ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று தெரியும், செய்யவில்லை. டோ வண்டி கிடைக்கவே ஆறு நாள். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினார். ஆயிலுக்குப் பதில் பால் தூக்கலாகப் போட்ட டீ மாதிரி ஏதோ வழிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, “கர்சீப் இருக்கா சார்?” என்று மட்டும் கேட்டார்.

ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பு, 4,10,000. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 3,60,000. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டியாச்சு, அதனால் டோட்டல் லாஸ்: ரிப்பேர் இல்லை, பணம்தான். அதுவரை தகராறே இல்லை.

அடுத்த வாரம் ஆபீஸ் லிஃப்டில் இருக்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன். “சார், ரெக் வேல்யூ, அதாவது இந்த நிலைமைல வண்டிக்கு ஏலத்துல கேட்ட விலை, ஒன்றரை லட்சம் வந்திருக்கு. வண்டிய நீங்களே வெச்சுக்கோங்க. அது போக, பாலிசிப்படி உங்க பங்கா பிடிக்கிற கட்டாயக் கழிவு ஆயிரமும் போக, 2,59,000 அக்கவுன்ட்ல போட்டுடலாம். ஓகேவா?” சிக்னல் விட்டு விட்டு வந்தது. “சரி சார்” என்றேன். லிஃப்டை விட்டு இறங்குவதற்குள், ‘தாங்கள் தொலைபேசியில் ஒப்புக்கொண்டபடி’ என்று மெயில் வந்துவிட்டது.

வண்டியை விற்கப் போனால், கேட்டதிலேயே பெரிய விலை 70,000. அந்த ஒன்றரை லட்சம் கொடுக்க வந்த புண்ணியவான் யார் என்று இன்று வரை தெரியாது. ‘அவருக்கே வண்டியைக் கொடுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 80,000 ரூபாய் அந்த லிஃப்டோடு போனது.

முடிச்சூர்2015

சார், உங்களுக்குக் கையில் காசாவது வந்தது. எனக்கு 2015 வெள்ளம். வண்டி லோனில் இருந்தது. ஹைபோதிகேஷன் (வண்டி பேங்குக்கு அடமானம்) இருந்தால் பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும், அது தெரிந்ததுதான். ஆனால் கிளெய்ம் முடிய மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் இ.எம்.ஐ. நிற்கவில்லை. தாம்பரம் பஸ் ஸ்டாண்டில், கூட்டத்தில் ஒரு காலில் நிற்கிறேன், போன் அதிர்கிறது: ‘உங்கள் கார் கடன் தவணை 11,400 பிடித்தம் செய்யப்பட்டது’. பஸ் டிக்கெட் இன்னொரு கையில். கடைசியில் பேங்க் எடுத்தது போக எனக்கு வந்தது 38,000.

ஹைவே ராஜா

முதல் பதிவு போட்ட நண்பர் தப்பு செய்துவிட்டார் என்று சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். என் கதை சின்னது: உளுந்தூர்பேட்டை தாண்டி கன்டெய்னர் லாரி பின்னால் வந்து இடித்தது, வண்டி போச்சு, எனக்குக் கீறல் கூட இல்லை. முழுப்பணமும் வாங்கினேன்.

எப்படி? பாலிசி எடுக்கும்போதே ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கூடுதல் கவர் போட்டிருந்தேன். அது இருந்தால் ஐ.டி.வி. பேச்சே இல்லை, இன்வாய்ஸ் விலை. புது வண்டிக்குத்தான் தருவார்கள், பழசாகிவிட்டால் தர மாட்டார்கள், அது வேறு விஷயம். இரண்டாவது, ரின்யூவலில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க ஐ.டி.வி.யைக் குறைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், என் மச்சானே ஒருவன். இதே மாதிரி ஒரு நாள் வந்தால் தெரியும். மூன்றாவது, வெள்ளப் பகுதியில் இருப்பவர்கள் என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் போட வேண்டும். தண்ணீரில் ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால் சாதாரண பாலிசியில் கையை விரித்துவிடுவார்கள். நான்காவது, போனில் எதுவும் பேசாதீர்கள், எல்லாம் மெயில். ஐந்தாவது, ஐ.டி.வி. குறைவாக இருந்தால் பழைய கார் விற்கும் தளங்களில் அதே மாடலின் விலைகளை எடுத்து அனுப்பி, மார்க்கெட் விலைக்குச் சண்டை போடுங்கள். விடாதீர்கள்.

கோவைப் பறவை

ராஜா அண்ணா, ஐந்தாவது பாயின்ட் வெளிநாட்டு வீடியோவில் பார்த்தது போலிருக்கிறது. இங்கே அது செல்லாது. ஐ.டி.வி. என்பது பாலிசி போட்ட அன்றே இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட தொகை. கம்பெனி விலையில் வயசுக்கேற்ற தேய்மானம் கழித்தது: மூணு வருஷம் தாண்டி நாலுக்குள் என்றால் 40 சதவீதம், நாலு தாண்டி அஞ்சுக்குள் என்றால் 50. விபத்துக்கு அப்புறம் அவர்களும் குறைக்க முடியாது, நாமும் ஏற்ற முடியாது. சண்டை போட வேண்டிய இடம் வேறு.

எனக்கு நடந்தது வாளையார் பக்கம். ஐ.டி.வி. 5,00,000, எஸ்டிமேட் 4,60,000. சர்வேயர் ஒர்க்‌ஷாப் மேஜையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தார். ரேடியேட்டர் சப்போர்ட், ‘ரிப்பேர் பண்ணலாம்’. ஃபென்டர், ‘டிங்கரிங்’. கதவு, ‘டிங்கரிங்’. கடைசியில் 3,61,000 என்று எழுதிச் சுழித்தார். 75 சதவீதம் 3,75,000. பதினாலாயிரம் கீழே! என்ன கணக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பேனா சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

நான் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரே மெயில்தான் போட்டேன்: முன்பக்கத்தை முழுசாகக் கழற்றிப் பார்க்காமல் வேலை தொடங்காதீர்கள். கழற்றினால் சேஸிஸ் லெக் (வண்டிச் சட்டத்தின் முன்பக்கத் தண்டு) மடங்கியிருந்தது. அதைப் போட்டோவோடு கூடுதல் எஸ்டிமேட்டாக அனுப்பினேன். அப்போதும் அசையவில்லை. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் போவேன் என்றும் எழுதினேன். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், தமிழ்நாட்டுக்குத் தேனாம்பேட்டையில் ஆபீஸ். போக வேண்டிய அவசியம் வரவில்லை, 4,99,000 வந்தது.

வேளச்சேரி அண்ணா, உங்களுக்குச் சண்டை போட வேண்டிய இடம் அந்த ஒன்றரை லட்சம்தான். ஏலத்தில் யார், எவ்வளவு கேட்டார்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கலாம். இப்போது சொல்லி என்ன.

ஹைவே ராஜா

வீடியோ பார்த்தெல்லாம் சொல்லவில்லை மேடம். மற்ற நாலு பாயின்ட்டும் சரிதானே?

மதுரைக்காரன்

பணத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். எனக்குப் பணம் பிரச்சினையே இல்லை, பத்தே நாளில் வந்தது. இடிபட்ட வண்டியை எடுத்துக்கொண்டு போன ஆள் உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டையும் நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். ஆர்.சி.யையும் கொடுத்தேன். வண்டி அழிந்துவிட்டால் ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. சொன்னவர் யாருமில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து வேறு மாநிலத்திலிருந்து இ-சலான். சிக்னலைத் தாண்டியதாக. போட்டோவைத் திறந்தேன். என் நம்பர், என் மாடல். ஆனால் என் வண்டி சிவப்பு. போட்டோவில் நின்றது வெள்ளை.

திருட்டு வண்டிக்கு இந்த மாதிரி செத்த வண்டியின் ஆர்.சி.யையும் சேஸிஸ் நம்பரையும் மாட்டி ஓட்டுவார்கள் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். நல்லவேளை, இன்சூரன்ஸ் கம்பெனியின் டோட்டல் லாஸ் கடிதம் பீரோவில் இருந்தது. அதைக் காட்டித்தான் வெளியே வந்தேன்.

வேளச்சேரி வாசி

இப்போதுதான் படித்தேன். அந்த 70,000 ரூபாய் ஆளுக்கு நானும் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். தேதி போடும் இடத்தைக் காலியாக விடச் சொன்னார், விட்டேன். ஆன்லைனில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன், இன்னும் என் பெயர்தான் வருகிறது. மதுரை அண்ணா, ஸ்டேஷனுக்கு முதலில் போவதா, ஆர்.டி.ஓ.வுக்கா? அந்த ஆளின் நம்பர் சுவிட்ச் ஆஃப்.