ஆற்றைக் கடந்ததும் பின்பக்க டிஃப் ஆயில் பால்போல் வெளுத்துவிட்டது

2014 டீசல் ஃபோர் வீல் டிரைவ், மேனுவல் கியர். குழந்தைகளோடு நான்கு பேர், கூரையில் கூடாரம். தார்ச்சாலைக்கு இன்னும் 60 கி.மீ. சேறு, மழை விடவில்லை.

நேற்று மதியம் தொடையளவு ஆற்றில் இறங்கினோம். சூடான டிஃப் (டிஃபரன்ஷியல், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர்ப்பெட்டி) சட்டெனக் குளிர்ந்தால் உள்ளழுத்தம் குறைந்து தண்ணீரை இழுக்கும். அதன் காற்று வழியான பிரீதரில் வேறு சேறு அடைத்திருந்தது. மாலையில் ஆயில் ஊற்றும் ஃபில்லர் துளையில் விரல் விட்டால் பால் கலந்த காபி நிறம்.

பிரீதரைச் சுத்தம் செய்து, குழாயை பானெட் உயரத்துக்கு நீட்டியாச்சு. ஆயிலை வடித்து, புதிதாக 80டபிள்யூ-90 ஊற்றினோம். 10 கி.மீ. ஓட்டம், நடுவே ஒன்றரை அடி ஓடை ஒன்று. மறுபடி லேசான வெளுப்பு. சத்தமில்லை, வடிகால் பிளக் காந்தத்தில் இரும்புத்தூள் இல்லை. கையில் 3 லிட்டர் ஆயில்தான் மிச்சம்.

ஆக்சில் குழாயில் தங்கிய பழைய தண்ணீரா, பினியன் சீல் (டிரைவ் ஷாஃப்ட் டிஃப்பில் சேரும் இடத்தில் உள்ள கசிவுத் தடுப்பு வளையம்) போய்விட்டதா? ஆக்சிலைக் கழற்றாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?