ஹோவர்கிராஃப்டில் ஏறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிற கொக்கிளாயில் இருந்து எழுதுகிறேன். முகத்துவாரத்தில் நின்றால் எதிரே புல்மோட்டைப் பக்கம் தெரியும். ஆனால் பஸ்ஸில் போவதென்றால் களப்பைச் சுற்றிக் களைத்துப் போவோம். பாலம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இப்போது, தண்ணீரிலும் தரையிலும் ஓடுகிற ஹோவர்கிராஃப்ட் விட்டால் என்ன என்று ஊரில் ஒரு கதை ஓடுகிறது.

வேலைக்குப் போய்வருகிறவர்களுக்குச் சந்தோசம். வள்ளம் மணலில் தட்டுகிற இடத்திலும் அது காற்று மெத்தையில் மிதந்து போய்விடும். மீன்பிடித் தொழிலுக்குப் போகிற ஐயாமார்தான் விடுவதாயில்லை. “அந்தச் சத்தத்துக்கு இறால் நிக்குமோ? வலை கிழிஞ்சா ஆர் காசு தாறது?” நியாயமான கேள்விதான். 1951 முதல் சரணாலயமாக இருக்கிற களப்பு வேறு. பூநாரைகளிடம் யார் கேட்பது?

இங்கிலாந்தில் சவுத்சீயில் இருந்து வைட் தீவின் ரைடுக்கு 1965 முதல் இது ஓடுகிறது, சுமார் 10 நிமிடப் பயணம். அங்கே இருக்கிற அண்ணாமார், அக்காமார் ஏறியிருந்தால் சொல்லுங்கள்: அது கரைக்கு வரும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்குமா? பலமாகக் காற்றடித்தால் நிறுத்திவிடுவார்களா? டிக்கெட் எவ்வளவு? வீடியோ இருந்தாலும் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் காட்ட வேண்டும். பாட்டுப் போட்டு எடிட் பண்ணியது வேண்டாம், சத்தம் அப்படியே கேட்க வேண்டும்.