ஜனவரியில் தார் பாலைவனம்: ஜெய்சல்மேர் மணல்மேடுகளைப் படமெடுக்க யோசனை தேவை

நெய்தல்கண்:
ஜனவரி இரண்டாம் வாரம் ஜெய்சல்மேரில் மூன்று இரவு தங்கப்போகிறேன். ஆள்நடமாட்டம் தெரியாத மணல்மேடு, மணல் வரிகள், முடிந்தால் இரவு வானம், இவைதான் வேண்டும். கையில் ஃபுல் ஃபிரேம் கேமரா, அகலக் காட்சிக்கு 16-35 மி.மீ., தூரக் காட்சிக்கு 70-200 மி.மீ. லென்ஸ்கள், கால்களைத் திருகிப் பூட்டும் ட்ரைபாட். பக்கத்து மணல்மேட்டு ஊர்களில் சாம் போதுமா, குரி போகலாமா? குளிரும் மணலும் கேமராவை என்ன செய்யும்?

செம்புழுதி:
குரிக்கே போங்கள். இரண்டும் ஊரிலிருந்து ஏறக்குறைய 40 கி.மீ. தான். ஆனால் சாமில் கூடாரம், ஒட்டகம், ஜீப் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். மிதிபடாத மேடு கிடைப்பது கடினம்.

"ராத்திரி காற்றடித்துக் காலடி அழிந்துவிடும்" என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். தாரில் மணலை வாரி இறைப்பது கோடையில் வீசும் தென்மேற்குக் காற்று. ஜனவரியில் காற்று மந்தம், இன்றைய காலடி நாளைக் காலையிலும் கிடக்கும். அதனால் முதல் நாள் மதியமே போய்ச் சாலையிலிருந்து ஒன்றிரண்டு கி.மீ. நடந்து மேட்டைத் தேர்ந்துவையுங்கள். அப்போதும் முகட்டில் ஏறாமல் பின்பக்கமாகச் சுற்றுங்கள். கேமராவுக்கு முன்னால் ஒரு தடம் விழுந்தால் அந்த ஃபிரேம் போனதுதான்.

அந்த வாரம் சூரியன் காலை 7.35-ஐ ஒட்டி உதித்து மாலை 6.10 வாக்கில் மறையும். உச்சியிலேயே அடிவானிலிருந்து 42 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. கோடைக் காற்று வடித்த மேடு என்பதால் செங்குத்துச் சரிவு பெரும்பாலும் வடகிழக்கைப் பார்க்கும். மாலை வெயில் தென்மேற்கிலிருந்து வரும்போது ஒரு பக்கம் பொன், மறுபக்கம் முழு நிழல், நடுவே கத்திமுனை மாதிரி முகடு. 70-200 வேலை செய்யும் நேரம் அதுதான். மாலை 5 முதல் 6.10 வரை இடத்தை விட்டு நகராதீர்கள். மணல் வரிக்கு மட்டும் வெயில் வரிகளுக்குக் குறுக்கே விழுகிறதா என்று பாருங்கள். வரியோடு சேர்ந்து ஓடினால் நிழலே இருக்காது, படம் தட்டையாகிவிடும்.

வெள்ளிக்குப்பி:
கேமரா விஷயம். வெயிலேறிய மணல் ஃபிரேமை நிறைத்தால் கேமராவின் ஒளிமானி (மீட்டர்) அதை மங்கிய சாம்பல் நிறமாக்கிவிடும், எக்ஸ்போஷரை +0.7 கூட்டி ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) பாருங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11. 16 மி.மீ.-இல் போலரைஸர் (வானத்தைக் கருக்கும் வடிகட்டி) போடவேண்டாம், வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருத்துத் திட்டு விழும்.

மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். முன்கண்ணாடியில் தூசி விழுந்தால் முதலில் ஊதுகுமிழால் ஊதுங்கள். துணியை எடுத்துத் தேய்த்தால் ஒவ்வொரு மணலும் ஒரு கீறல்.

உங்கள் ட்ரைபாடுக்குத்தான் ஆபத்து அதிகம். கடைசிக் கண்ணியைக் கொஞ்சம் நீட்டி, பூட்டு மணலுக்கு மேலே இருக்கும்படி ஊன்றுங்கள். பூட்டுக்குள் மணல் புகுந்து 'கரகர' என்றால் அதற்குமேல் திருகாதீர்கள், மரை தேயும். அறைக்கு வந்து கழற்றி, தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, கிரீஸ் தடவிப் பூட்டுங்கள்.

விடியற்காலையில் குளிர் 5 டிகிரியை ஒட்டியும் இறங்கும், பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். மாற்றுப் பேட்டரிகள் சட்டையின் உள்பையில் இருக்கட்டும். சூடான அறைக்குள் நுழையும்முன் கேமராவை ஜிப் பைக்குள் காற்றுப்புகாமல் மூடி, ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். இல்லையென்றால் லென்ஸ் உள்ளேயும் வேர்க்கும்.

நெய்தல்கண்:
நன்றி! பால்வெளியின் மையம் கிடைக்குமா? ட்ரோன் கொண்டுவரலாமா?

செம்புழுதி:
மையம் கிடைக்காது. ஜனவரி நடுவில் அது சூரியனுக்கு அருகே இருக்கும், பிப்ரவரி வாக்கில்தான் விடியலுக்கு முன் தலைகாட்டும். அமாவாசையை ஒட்டிப் போனால் ஓரியனும் கார்த்திகைக் கூட்டமும் மேட்டுக்கு மேல் அருமையாக நிற்கும். 16 மி.மீ., எஃப்/2.8, 20 வினாடி, ஐஎஸ்ஓ 3200. உங்கள் லென்ஸ் எஃப்/4 என்றால் ஐஎஸ்ஓ 6400.

ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சர்வதேச எல்லையிலிருந்து 25 கி.மீ. வரை சிவப்பு மண்டலம், அதாவது அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடக்கூடாத பகுதி. அதற்கு வெளியே இருந்தாலும் ஜெய்சல்மேரில் விமானப்படைத் தளம் உண்டு. அந்த எடைக்கு இன்னும் இரண்டு பேட்டரியும் ஒரு கம்பளிக் குல்லாவும் எடுத்து வாருங்கள்.