பொழுதுபோக்கு: அடுத்தவர் பரீட்சை எழுதுவது

கணக்குப்பிள்ளை:

உன் பொழுதுபோக்கு என்ன என்று யாராவது கேட்டால் ‘பரீட்சை எழுதுவது’ என்பேன். என் பரீட்சை இல்லை. பார்வையற்ற மாணவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கும் ஸ்க்ரைப் வேலை. பிழைப்புக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மார்ச்சில் லீவு கேட்டால் முதலாளி முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்! நல்லவேளையாக, பல்கலைக்கழகத் தேர்வுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

மாணவர் தானே ஆள் கூட்டி வந்தால், அந்த ஆளின் படிப்பு மாணவர் படிப்பதை விட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. நான் பி.காம்., அதனால் எம்.ஏ. மாணவர்களுக்கு எழுத முடிந்தது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. 3 மணி நேரத் தேர்வு 4 மணி நேரம் ஆகிவிடும். விரல் வலி அடுத்த நாளும் இருக்கும், அதை விடுங்கள்.

ஒரு தம்பிக்கு வரலாற்றுத் தாள் எழுதினேன். நன்றாகப் படித்தவர், வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். நடுவில், “நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தவர் தாமஸ் மன்றோ” என்றார். குரூப் 2-க்குப் படித்த எவருக்கும் தெரியும், 1793-இல் வங்காளத்தில் அதைக் கொண்டுவந்தது காரன்வாலிஸ். மன்றோ பெயர், விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்குத்தான் வரும். என் கை நின்றுவிட்டது. ஒரு நொடி இருக்குமா? அதற்குள் அவர் கேட்டார்: “அண்ணா, பேனா நின்னுருச்சே. தப்பா?”

சரி என்றால் பொய். தப்பு என்றால் காப்பி அடிக்க உதவியதாகும். “சொல்லுங்க தம்பி” என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “மன்றோவை அடிச்சிட்டு காரன்வாலிஸ்னு போடுங்க” என்றார். போட்டேன். அந்த மதிப்பெண் யாருடையது என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் ஒரே வேகத்தில் எழுதப் பழகிக்கொண்டேன். நாள் முழுக்க அடுத்தவர் பேரேட்டில் தப்பைத் தேடிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, கண்ணுக்கு முன்னால் இருக்கும் தப்பைக் கைப்பட எழுதுவது சாதாரண விஷயம் இல்லை. அன்றைக்கு வெளியே காத்திருந்த அந்தத் தம்பியின் அம்மா 200 ரூபாயை என் சட்டைப்பையில் திணிக்கப் பார்த்தார். வேண்டாம் என்றதும் முகம் வாடிவிட்டது. அப்புறம் டீயும் இரண்டு மெதுவடையும் வாங்கித் தந்தார், மறுக்காமல் சாப்பிட்டேன்.

மலைக்கோட்டை:

நல்ல காரியம். ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. லீவு போடாமல் வேலைக்குப் போய், அந்தப் பணத்தில் எழுதுவதற்கு ஒரு கல்லூரிப் பையனை ஏற்பாடு செய்தால் அவனுக்கும் கைச்செலவுக்கு ஆகுமே? நான் துபாயில் இருக்கிறேன். என்னால் முடிந்தது பணம் அனுப்புவதுதான், அதனால்தான் கேட்கிறேன்.

டீச்சரம்மா:

இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நான் பேனாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள். பிறவியிலேயே பார்வை கிடையாது, இப்போது அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. நீங்கள் எழுதியதை, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் வாசிக்கக் கேட்டுத்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன். அந்த மென்பொருளைத் தொடங்கியவர்களும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்ற இரண்டு பேர்தான். 2006-இல் தொடங்கினார்கள், இன்றுவரை இலவசம்.

மலைக்கோட்டை சார், தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி, எழுத வருவதாகச் சொன்னவரிடமிருந்து போன் வரும்: “அக்கா, எனக்குக் காய்ச்சல்.” அந்த நேரத்தில் கையில் பணம் இருந்தும் ஆள் கிடைக்காது. எனக்கு ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெண் வந்து உதவினாள். தங்கமான பெண், ஆனால் படித்தது முழுக்க ஆங்கில வழியில். தமிழ் இலக்கியத் தாளில் ல, ள, ழ ஒவ்வொன்றுக்கும் “வாழைப்பழத்து ழ போடும்மா” என்று சொல்லியே கூடுதல் நேரம் முழுவதும் போய்விட்டது. அதனால் எழுத வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், முந்தின நாளே வந்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். என் வேகம் உங்களுக்கும் உங்கள் எழுத்து எனக்கும் பிடிபடட்டும்.

கணக்குப்பிள்ளை சார், பேனா மட்டும் இல்லை. போட்டித் தேர்வில் நான்கு விடைகளை வாசிக்கும்போது, விடை தெரிந்தவர்களுக்குச் சரியான இடத்தில் குரல் லேசாக இறங்கும். அவர்களுக்கே தெரியாது. எங்களுக்குக் கேட்கும். கேட்டதைக் கேட்காததாக எப்படி வைத்துக்கொள்வது? நீங்கள் ஒரே வேகத்தில் எழுதப் பழகியது சரிதான், நானும் அதைத்தான் விரும்புவேன். ஆனால் அந்தத் தம்பியின் மதிப்பெண்ணில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் எழுதியதை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துத் திருத்திக்கொள்கிறீர்கள். அவர் பேனா சத்தத்தை வைத்துத் திருத்திக்கொண்டார். காரன்வாலிஸ் என்ற பெயரை நீங்கள் சொல்லவில்லையே, அவர் படித்து வைத்திருந்தது அது.

பணத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. மடிக்கணினிக்கு, தேர்வு மையத்துக்குப் போய்வரும் ஆட்டோவுக்கு எல்லாம் பணம்தான் வேண்டும். ஆனால் துபாயில் இருந்துகொண்டே பாடப்புத்தகத்தையும் வாசித்து அனுப்பலாம். பக்க எண்ணைச் சொல்லுங்கள். அட்டவணை வந்தால் முதலில் தலைப்புகள், பிறகு வரிசை வரிசையாக. படத்தை ‘இங்கே ஒரு படம் உள்ளது’ என்று தாண்டிவிடாமல் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். தயவுசெய்து நடித்து வாசிக்காதீர்கள்! உரைநடையில் சோகம் சேர்த்துப் படித்து அனுப்பிய ஒருவரின் பதிவைக் கேட்டு விடுதியே சிரித்தது.

மலைக்கோட்டை:

நல்ல மைக் ஒன்று சும்மா கிடக்கிறது. பாட வேண்டும் என்று வாங்கினேன், வீட்டில் தடை போட்டுவிட்டார்கள். ஏசி சத்தம் பதிவில் விழுமே?

டீச்சரம்மா:

நிறுத்திவிட்டு வாசியுங்கள். வேர்த்தால் பாடம் பாடமாகப் பிரித்து அனுப்புங்கள். எங்களுக்கும் தேடி எடுக்க அதுதான் வசதி.

கணக்குப்பிள்ளை:

டீச்சர், ஒரு சந்தேகம். தேர்வில் நேரத்தை நானாகச் சொல்ல வேண்டுமா, கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா? சிலர் எரிச்சல்படுகிறார்கள்.

டீச்சரம்மா:

ஆளுக்கு ஆள் மாறும், உட்காரும்போதே கேட்டுவிடுங்கள். எனக்கு அரை மணிக்கு ஒரு தடவை வேண்டும், எத்தனையாவது பக்கம் என்பதையும் சேர்த்து.