முதல் வீடு வாங்கும் முன் அந்தத் தெருவில் யாரிடம் பேசினீர்கள்?

நாங்கள் வீடு தேட ஆரம்பித்தது 2024 ஜூன் மாதம். மேற்குத் தாம்பரம் தாண்டி முடிச்சூர் பக்கம் ஒரு தனி வீடு, 62 லட்சம் சொன்னார்கள். கூட்டிப்போன புரோக்கர் பொறுமையாகப் பேசினார். "2015-ல மட்டும்தான் சார் தண்ணி வந்துச்சு, அப்புறம் ஆத்தை அகலப்படுத்திட்டாங்க" என்றார். வீடும் பளிச்சென்று இருந்தது. சாமி அலமாரி எங்கே வைப்பது என்பது வரை என் மனைவி முடிவு செய்துவிட்டாள். சரி, அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நாங்கள் இருவர் மட்டும் திரும்பப் போனோம். எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஏரியா எப்படி ஐயா என்றதும், "தங்கமான இடம், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். அவர் வீடும் விலைக்கு இருப்பது பிறகுதான் தெரிந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெருவில் தண்ணீர் நிற்கும் என்று அவரே சொன்னால் அவர் வீட்டை யார் வாங்குவார்கள்?

தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்த அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. பெட்டியைத் தாங்கி மேல் வைத்துவிட்டு, "வாங்க, காட்றேன்" என்று பின்னால் இருந்த தன் வாடகை வீட்டுக்குக் கூட்டிப்போனார். பீரோவின் நான்கு காலுக்கும் கீழே மூன்று மூன்று ஹாலோ பிளாக் கல். ஃபிரிட்ஜ் ஒரு பழைய மேஜை மேல். சுவரில் இடுப்பு உயரத்தில் சுண்ணாம்பு உப்பி, விரலால் தொட்டால் பொடியாகக் கொட்டியது. "இது போன டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வந்தது தம்பி. பதினைஞ்சுல வந்தது அதோ" என்று ஜன்னலுக்கு மேலே கை காட்டினார். அந்தக் கோட்டின் மேல் காலண்டர் மாட்டியிருந்தது.

வெளியே வந்தபோது அதே தெரு வேறு மாதிரி தெரிந்தது. எல்லா வீட்டிலும் மோட்டார் சுவிட்சும் கரண்ட் மீட்டரும் தலைக்கு மேல். பல வீடுகளில் கேட்டுக்கு உள்ளே ஒன்றரை அடிக்குச் செங்கல் தடுப்பு, அதைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போகிறார்கள். புரோக்கர் பெருமையாகக் காட்டிய புது ரோடு, பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டது. அதனால் பழைய வீடுகளின் வாசல் ரோட்டைவிடத் தாழ்ந்துவிட்டது. நாங்கள் பார்த்த வீட்டில் மட்டும் சுவரில் ஒரு கறைகூட இல்லை. அடி முதல் உச்சி வரை புதுப் பெயின்ட்.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. தாம்பரத்திலேயே இன்னும் நான்கு தெருக்களைப் பார்த்து வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருந்தோம். அக்டோபர் 15 அன்று கொட்டிய மழையில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு பைக்கில் நான்கையும் சுற்றினேன். இரண்டில் பைக்கை விட்டு இறங்கவே முடியவில்லை. ஒன்றில் கணுக்கால் அளவு நின்றது, சாயங்காலம் போனபோதும் வடியவில்லை. நான்காவது தெருவில் மழை விட்ட ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தத் தெருவில்தான் இருக்கிறோம். பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் வக்கீல் பார்த்துக்கொடுத்தார். தெருவை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. சொந்த வீட்டுக்காரரைவிட, வாடகைக்கு இருப்பவரிடம் கேளுங்கள். அவருக்கு மறைக்க எதுவும் இல்லை.

*

நீங்கள் வெள்ளத்தைச் சொன்னீர்கள், எங்களுக்கு வறட்சி. பழைய மகாபலிபுரம் சாலையில் 2017-ல் ஃபிளாட் வாங்கினோம். குழாயைத் திறந்து காட்டினார்கள், தண்ணீர் வந்தது, எங்களுக்கு அது போதுமாக இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கவே இல்லை. 2019 ஜூனில் போர்வெல் வற்றிப்போய், லாரி வந்தால்தான் குளியல் என்று ஆனது. மாதம் 3,200 கட்டிய மெயின்டனன்ஸ் 5,800 ஆனது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு லாரிச் சத்தத்துக்கு எழுந்து பக்கெட் நிரப்பிய அந்த இரண்டு மாதத்தை நான் மறக்க மாட்டேன்.

இப்போது நண்பர்கள் யாராவது ஃபிளாட் பார்க்கப் போனால் கூடவே போகிறேன். மாடல் வீட்டுக்குப் போவதற்கு முன் வாட்ச்மேனைப் பார்ப்பேன். அவர் மேஜையில் லாரி வந்த நேரம் எழுதும் நீள நோட்டு இருக்கும். அதில் ஏப்ரல், மே பக்கங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை லாரி என்று எண்ணினால் போதும். அப்புறம் பெருங்குடி, பள்ளிக்கரணைப் பக்கம் என்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு தடவை போங்கள். குப்பைக் கிடங்கின் புகையும் நாற்றமும் எந்தப் பக்கம் வருகிறது என்பது பகலில் தெரியாது.

*

நான் மதுரை. 2024 அக்டோபர் மழையில் செல்லூர் கண்மாய்த் தண்ணீர் தெருவுக்குள் வந்ததைப் பார்த்த பிறகு, ஊர்ப் பெயரைக் கேட்டாலே எனக்குக் காது கூர்மையாகிவிடுகிறது. ஏந்தல், ஊருணி, தாங்கல் எல்லாமே தண்ணீர் நின்ற இடத்தின் பெயர்கள்தான். நாங்கள் பார்த்த மனைப்பிரிவுக்குப் பூவின் பெயரில் ஏதோ நகர் என்று வைத்திருந்தார்கள். பத்திர நகலில் பழைய கிராமத்தின் பெயரைப் படித்தால், ஏந்தல் என்று முடிகிறது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை நேரில் போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவரை அம்மா நிறுத்தி, "இங்க வீடு கட்டலாமாங்கய்யா?" என்று கேட்டார். அவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். அப்புறம் தொரட்டியால் எங்கள் காரைக் காட்டி, "அந்த எடத்துல பாலம் எதுக்குத்தா கட்டிருக்கு?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மனைப்பிரிவுக்குள் நுழையும் இடத்தில், கைப்பிடிச் சுவர் வைத்த சின்னப் பாலம். கீழே காய்ந்த மண், கருவேல முள். கண்மாய் நிறைந்தால் மறுகால் போகும் வழி அது. மூன்று தடவை வந்திருக்கிறோம், மூன்று தடவையும் காரை அந்தப் பாலத்தின் மேல்தான் நிறுத்தினோம்.