அந்தப் படத்துல நாங்க எங்கம்மா குந்துறது? (மீன்பிடித் துறைமுக அனுபவங்கள்)

ராயபுரத்திலிருந்து

மீன்பிடித் துறைமுகத்துல சுற்றுலாவும் சேர்ந்து வந்தா நல்லதா கெட்டதான்னு பேச்சு ஓடுது. எங்க அம்மா முப்பது வருஷமா சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல ஏலம் எடுத்து மீன் விக்கிறாங்க. நடந்த ரெண்டு சம்பவத்தைச் சொல்றேன்.

ஞாயித்துக்கிழமைன்னா ராத்திரி ரெண்டு மணிக்கே லாஞ்சுங்க வந்து கட்ட ஆரம்பிச்சிடும். பொழுது விடியறதுக்குள்ள ஏலம் சூடு புடிச்சிடும். மீன் வாங்குற ஜனம், வேடிக்கை பாக்குற ஜனம், வீடியோ எடுக்குற பசங்க எல்லாம் ஒரே சந்துல. போன வருஷம் ஒரு பையன் பெரிய வஞ்சிரத்தைக் கிட்டத்துல படம் எடுக்கணும்னு வழியிலேயே குந்திட்டான். பின்னாடி ஐஸ் பெட்டி அடுக்கின தள்ளுவண்டி. தரை ஈரம், இழுத்துப் புடிச்சாலும் நிக்காது. தள்ளிட்டு வந்தவர் பையன் மேல ஏத்தக்கூடாதுன்னு ஒடிச்சித் திருப்பினார். வண்டியோட இரும்பு முனை எங்க அம்மா கணுக்காலைக் கிழிச்சிடுச்சு. நாலு தையல். அந்தப் பையனே கைக்குட்டையைக் கட்டி, பைக்ல உக்கார வெச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். இன்னிக்கும் வாரா வாரம் வந்து அம்மாகிட்டதான் சங்கரா வாங்குறான். அவன் மேல எனக்குக் கோவமே இல்ல. எங்க நிக்கணும்னு யாராவது சொல்லியிருந்தா அங்க நின்னிருப்பான்.

இன்னொண்ணு ஒரு கூட்டத்துல நடந்தது. 2021 மத்திய பட்ஜெட்டுல கொச்சி, சென்னை, விசாகப்பட்டினம், பாரதீப், பெட்டுவாகாட்னு அஞ்சு மீன்பிடித் துறைமுகத்தைப் பெருசா மேம்படுத்தப் போறதா அறிவிச்சாங்க இல்லையா, காசிமேட்டுக்கு சுமார் 98 கோடி. அதுக்கப்புறம் யார் யாரோ வரைபடம் எடுத்துட்டு வந்து கருத்து கேக்குறாங்க. அப்படி ஒரு கூட்டத்துக்கு அம்மாவோட போனேன். படம் அழகா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். கடலைப் பாத்த மாதிரி ஓட்டல், மரம் வெச்ச நடைபாதை, குழந்தைங்க விளையாட இடம். அம்மா விரலை வெச்சி ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே வந்தாங்க. கடைசியில, "அந்தப் படத்துல நாங்க எங்கம்மா குந்துறது?"

வரைஞ்சிட்டு வந்த பொண்ணு சின்ன வயசு இன்ஜினியர். ஒரு நிமிஷம் பேசல. அப்புறம், "நீங்க எவ்ளோ இடம் எடுத்துப்பீங்க, காட்டுங்கம்மா"ன்னு கேட்டுச்சு. அம்மா அங்கேயே தரையில உக்காந்தாங்க. ரெண்டு ஃபைலை எடுத்து மீன் பெட்டியா வெச்சாங்க. தண்ணி பாட்டில் நின்ன இடத்துல பக்கெட்டு. முன்னாடி வாங்குறவங்க நிக்க ரெண்டு அடி. பக்கத்துல மீன் வெட்டுற அக்கா, அவங்க அருவாமனை, செதில் தெறிக்கிற தூரம். அந்தப் பொண்ணு டேப் எடுத்து அளந்துச்சு. எட்டடிக்கு ஆறடி வந்துச்சு. தரை எந்தப் பக்கம் சாஞ்சா தண்ணி ஓடும்னும் அம்மா கையால காட்டினாங்க, அதையும் எழுதிக்கிச்சு.

ஏலத்துக்குப் போற ராத்திரி எங்க அம்மா தண்ணி குடிக்க மாட்டாங்க. கழிப்பறைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நல்ல மீன் கைமாறிடும். முதல்ல பொம்பளைங்களுக்குக் கிட்டத்துலயே கழிப்பறை, தரையில சரியான வாட்டம், தலைக்கு மேல கூரை, ஐஸ் வண்டிக்குத் தனிப் பாதை. அதைச் செஞ்சிட்டு ஓட்டல் கட்டுங்க, நான் கைதட்டுவேன்.

அம்பத்தூரிலிருந்து

நான் வேடிக்கை பார்க்கப் போகும் கூட்டத்தைச் சேர்ந்தவன். மாதம் இரண்டு முறையாவது மகளை அழைத்துக்கொண்டு காசிமேடு போவேன். மேலே எழுதியிருப்பதைப் படித்ததும், நான் எங்கே நிற்கிறேன் என்று இதுவரை ஒரு நாளும் யோசித்ததில்லை என்பது உறைத்தது.

ஒருமுறை மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு விசைப்படகு டிரைவரிடம், "அண்ணே, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவீங்களா? காசு தரேன்" என்றேன். அவர் மகளைத் தூக்கிப் படகின் மேல் நிறுத்தி, சுற்றிப் பார்க்கச் சொன்னார். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. காலடியில் எண்ணெயும் தண்ணீரும். இழுவைக் கயிறு ஓடும் வழியில்தான் அவள் நின்றிருந்தாள். "ஆள் ஏத்துற போட்டு வேற, மீன் புடிக்கிற போட்டு வேற சார். பழவேற்காடு ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரிலும் 22 பேர். அந்தப் படகும் மீன்பிடிப் படகாக இருந்து மாற்றப்பட்டது என்று செய்திகளில் வந்தது. துறைமுகத்தில் உல்லாசப் படகு விடுவதாக இருந்தால் அதற்கென்றே கட்டிய படகு, தனி உரிமம், தனியாக ஏறி இறங்கும் துறை இவை மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் நான் என் மகளை ஏற்ற மாட்டேன்.

என் யோசனை தடைக்காலத்தைப் பற்றியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய், இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை போனபோது ஒரு பெரியவர் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நகரவே இல்லை. அவர் ஊசியை அவள் கையில் கொடுத்து, கண்ணியின் அளவுக்கு விரலை வைத்து முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தார். ஒரு முடிச்சுக்கு அவளுக்குப் பத்து நிமிடம் ஆனது. சந்து காலியாக இருக்கும் அந்த இரண்டு மாதத்தில் எங்களைப் போன்றவர்களை வரவழையுங்கள். மீன் குழம்புச் சாப்பாட்டுக் கடையை அங்குள்ள பெண்களே நடத்தட்டும். காசு கொடுத்துச் சாப்பிட நாங்கள் இருக்கிறோம்.

கொழும்பிலிருந்து

எங்கட பக்கத்தில இது ரெண்டும் ஒண்டாவே நடக்குது. மாத்தறை மாவட்டத்தில மிரிஸ்ஸ எண்டு ஒரு மீன்பிடித் துறைமுகம். பலநாள் படகுகள் சூரை மீனோட வாற அதே இடத்தில இருந்துதான் திமிங்கிலம் பாக்கிற படகுகளும் வெளிக்கிடுது. நவம்பரில இருந்து ஏப்ரல் வரைக்கும் சீசன். பிறகு தென்மேல் பருவக்காற்று துவங்க, சனம் திருகோணமலைப் பக்கம் போயிடும்.

நாங்கள் போனது ஒரு பெப்ரவரி. விடிய ஆறு மணிக்கே ஆக்களின்ர விபரம் எழுதி, லைஃப் ஜக்கெட் போட்டபிறகுதான் படகு அவிழ்த்தவை. துறைமுக வாய்க்கு வந்தநேரம் பலநாள் படகு ஒண்டு உள்ள வந்துது. எங்கட படகு ஒதுங்கி நிண்டுது. இருவது நிமிசம். வெள்ளைக்காரர் ஒராள் ஏன் நிக்கிறீங்கள் எண்டு கேட்டார். படகோட்டி சிங்களத்தில சொன்னதை என்ர மனுசன் எங்களுக்குத் தமிழில சொன்னார்: "அவன் மூண்டு கிழமை கடலில கிடந்திட்டு வாறான். நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவியள்." அதுக்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. உள்ள வந்த பெடியள் எங்களைப் பாத்துக் கை காட்டினாங்கள். அவங்கட முகம் உப்பில வெளிறிக் கிடந்தது.

நீலத்திமிங்கிலம் பாத்தம், உண்மைதான். ஆனா 100 மீற்றருக்குக் கிட்டப் போகக் கூடாது எண்டு 2012இல வந்த விதியை எல்லாப் படகும் மதிக்கேல்லை. நாலைஞ்சு படகு சுத்தி வளைச்சபடியால அது உடன தண்ணிக்குக் கீழ தாண்டு போட்டுது. கரையில அவ்வளவு ஒழுங்கு, கடலுக்குள்ள கேக்க ஆளில்லை. எனக்கு அது இண்டைக்கும் மனதில கிடக்குது.

மறுபடி ராயபுரத்திலிருந்து

மிரிஸ்ஸ கதையை அம்மாவுக்குப் படிச்சிக் காட்டினேன். படகு ஒதுங்கி நின்ன இடத்தை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. திமிங்கிலத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கல. "அங்க மீன் விக்கிற பொம்பளைங்க எங்க குந்துறாங்கன்னு அந்தப் பொண்ணைக் கேளு"ன்னாங்க. கொழும்பு அக்கா, நேரம் கிடைக்கும்போது எழுதுங்க. அடுத்த கூட்டம் தை முடிஞ்சி வெப்போம்னு சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை மீன் வெட்டுற அக்காவும் வராங்க, அருவாமனையோட.