யாரும் நடாம தானா முளைச்ச பாக்காவ் (கடலோரச் சேத்துல வளர்ற அலையாத்தி மரம்), உங்க பக்கம் பாத்திருக்கீங்களா?

செம்பனைக்காட்டான்:
மலேசியாவுல சிலாங்கூர் கேரித் தீவுல எஸ்டேட் பன்ட்டுக்கு (மண்கரைக்கு) வெளிய இருக்குற சேத்துப் பக்கம் தெரியும்ல, அங்கதான். ஒரு பக்கம் கேம்ப் போட்டு நட்ட பாக்காவ், இப்ப வரிசையா குச்சிதான் நிக்குது. அதுக்குப் பக்கத்துலயே ஒரு பழைய ஓடை அடைச்சுக் கெடந்துச்சு, அதுல தண்ணி திரும்ப ஏறி எறங்க ஆரம்பிச்சதும் யாரும் நடாமலே அப்பி-அப்பி (இன்னொரு வகை அலையாத்தி) கன்னு சேறே தெரியாத அளவுக்கு வந்துருச்சு, உரிச்ச மொச்சை மாதிரி ரெண்டு தடிச்ச பருப்பு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அடுத்த கேம்ப் வந்தப்ப ஒரு தம்பி அதையெல்லாம் சங்கோலால (மண்வெட்டியால) வழிச்சு எடுக்குறான். அதுவும் அலையில வளர்ற மரம்தான்பா, விட்டுருன்னேன். "அங்கிள், இது களை, நாங்க நட்டதுக்குத்தான் கணக்கு காட்டணும்"னான். வேரோட ஒரு கைப்பிடி கன்னு அவன் கையில. இன்னும் எனக்கு மனசு ஆறல. இப்படிப் புடுங்குறத எப்படி நிறுத்துறது?

சுங்கை புசார் பொண்ணு:
அண்ணே, உங்க கோவம் புரியுது, ஆனா தானா வரும்னு எல்லா எடத்துக்கும் சொல்லாதீங்க. எங்க பக்கம் அலை நேரா அடிக்குற கரை. கன்னு நெறைய வந்துச்சு, நானே பாத்தேன், ஒரு பௌர்ணமி பெருக்குல ராத்திரியோட சேறையே அள்ளிட்டுப் போயிருச்சு, காலைல ஒரு விழுந்த தென்ன மரத்துக்குப் பின்னாடி இருந்தது மட்டும்தான் மிச்சம். அந்த மரம் அலைய ஒடைச்சுது, வேற ஒண்ணும் இல்ல. எங்க பக்கத்துலயே சுங்கை ஹாஜி டோரானில மலாயா யுனிவர்சிட்டி ஆளுங்க மொதல்ல அலைதடுப்பு கட்டுனது எதுக்கு? சேறு நிக்காத எடத்துல விதை எப்படி நிக்கும்?

முன்னாள் கிராணி:
நான் பாத்தது சின்ன விஷயம், பாக்காவ் கன்னு தண்டுல கொட்டலசு (ஓடு போட்ட சின்ன கடல் உயிரி) அப்பி, பாரம் தாங்காம சாஞ்சு கெடந்துச்சு. அவ்ளோ கீழ நட்டிருக்காங்க. இனிமே நடப்போறவங்க கேட்டுக்குங்க, மொதல்ல பக்கத்துல நல்லா இருக்குற காடு எந்த உயரத்துல நிக்குதுன்னு அளந்து பாருங்க, அந்த மரங்க சராசரி கடல் மட்டத்துக்கு மேலதான் நிக்கும், மொத்த நேரத்துல ஒரு 30 சதவீதம் தண்ணிக்குள்ள இருந்தாலே அதிகம். வெறும் சேறு சும்மா கெடக்கேன்னு அங்க நடாதீங்க, ரொம்ப கீழ இருக்குறதாலதான் அங்க எதுவும் இல்ல. அப்புறம் தண்ணி வர்ற வழி, போற வழி. பன்ட்டோ ரோடோ மறிச்சிருந்தா அத சரி பண்ணுங்க. அப்புறம் தாய் மரம் பக்கத்துல இருக்கா, விதை மெதந்து வருமா. இதெல்லாம் சரியா இருந்தும் வரலன்னா அப்ப நடுங்க. ப்ளோரிடால ராபின் லூயிஸ்னு ஒருத்தர் வெஸ்ட் லேக்ல மண்ண சரியான உயரத்துக்கு வெட்டி, அலை போக வாய்க்கா விட்டதோட சரி, பாக்காவ் ஒண்ணு கூட நடல, காடு வந்துருச்சு. இங்க பேராக் மாத்தாங் பாக்காவ் காட்டுல பாருங்க, 30 வருஷத்துக்கு ஒரு தடவ வெட்டுறாங்க, தானா வந்தது போக காலியா இருக்குற எடத்துலதான் நடுறாங்க.

பாகான் டத்தோ மருமக:
கிராணி ஐயா, நீங்க சொல்றது சரிதான், ஆனா யாரும் கேக்காமலே பாடம் எடுத்துட்டீங்க, அந்த அண்ணன் கேட்டது புடுங்குறத எப்படி நிறுத்துறதுன்னுதானே. என் மாமியார் ஊரு சிதம்பரம் பக்கம். பிச்சாவரத்துல மரத்த மொட்டையா வெட்டுன எடம் பள்ளமாகி, தண்ணி தேங்கி உப்பு ஏறி எதுவும் வளரல. மீன் முள்ளு வடிவத்துல வாய்க்கா வெட்டுன பிறகுதான் பச்சை வந்துச்சு, ஆனா அங்க நடவும் செஞ்சாங்க, அதையும் சொல்லணும். படகுல போறப்ப அந்த வாய்க்கால்ல தண்ணி உள்ள ஏறுறத பாத்து மாமியார் பேச்சே நின்னு போச்சு.

செம்பனைக்காட்டான்:
தங்கச்சி சொன்னதுதான் என் கேள்வி. கேம்ப் நடத்துறவங்ககிட்ட "நட்டது இத்தன"ன்னு கேக்குறத விட்டுட்டு "உயிரோட நிக்கிறது இத்தன, தானா வந்ததும் சேத்து"ன்னு கணக்கு கேக்க வச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? அடுத்த கேம்ப் வர்றதுக்குள்ள நான் மிச்சம் இருக்குற கன்னுகளச் சுத்தி குச்சி நட்டு கயிறு கட்டிட்டு வரப்போறேன், கூட வர்றவங்க சொல்லுங்க.